வண்டித்தடம் – 17: பத்து மில்லி செகண்டுத் தீர்ப்பு

பெருங்களத்தூரில் கிளம்பும் சென்னைப் புறவழிச்சாலை 32 கிலோமீட்டர் ஓடிவந்து புழலில் முடிகிறது. முடிகிற இடத்தில் கொல்கத்தா போகும் நெடுஞ்சாலை. வடசென்னைக்காரர்களுக்கு அது இன்றைக்கும் ஜி.என்.டி. ரோடுதான். மாதவரம், மணலி, எண்ணூர் என்று துறைமுகம் பார்த்துப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இரவு பகல் பாராமல் இந்தப் பக்கம் ஓடுகின்றன. 2010-ஐ ஒட்டி இந்தக் கூட்டத்தில் புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய நீள டிரெய்லர்களும் சேர்ந்துகொண்டன. ஒரகடத்தில் நிசான் செய்த மைக்ரா கார்கள் எண்ணூரில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கிய காலம் அது.

அதே 2010-ல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பு மைக்ராவுக்கு 4 நட்சத்திரம் கொடுத்தது. அதற்கு முன் 2008-ல், இருங்காட்டுக்கோட்டையில் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஹூண்டாய் ஐ10-க்கும் 4 கிடைத்திருந்தது. பிறகு 2014 ஜனவரி 31 வந்தது. இந்தியாவில் விற்கும் ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்ட குளோபல் என்கேப் அமைப்பு அன்றைக்கு முடிவை வெளியிட்டது. ஐந்துக்கும் பூஜ்யம். ஐந்தில் ஒன்று ஐ10. இன்னொன்று மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஃபிகோ. அந்த நவம்பரில் ஒரகடத்தில் செய்த டாட்சன் கோவும் மோதியது, அதுவும் பூஜ்யம். இரண்டு அமைப்புகளின் மதிப்பெண் முறையும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் ஒரே ஆலை, ஒரே தொழிலாளர்கள், ஒரே பெயர்ப்பலகை. கப்பலேறும் வண்டிக்கு ஒரு சாமான், உள்ளூர் வண்டிக்கு அது இல்லை.

அந்தச் சாமான் ஏர்பேக். பையைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். கியர் லீவருக்குக் கீழே, கார்ப்பெட்டுக்கு அடியில், தரையோடு முடுக்கிவைத்த உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மெக்கானிக்குகள் அதை ஏர்பேக் மாட்யூல் என்பார்கள், சிலர் ஏர்பேக் ஈசியூ. பை ஊத வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுப்பது அதுதான். சென்ற வாரம் சீட் பெல்ட்டைப் பார்த்தோம். 1994-ல் இந்தியாவில் முன் இருக்கைப் பெல்ட் கட்டாயமானது வரை வந்தோம். இந்த வாரம் இந்தப் பெட்டி.

காற்றுப்பை யோசனை பழசு. 1952-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் போகும்போது, சாலையில் கிடந்த பாறையைத் தவிர்க்கத் திருப்பி, வண்டி பள்ளத்தில் இறங்கியது. பெற்றோர் இருவரின் கையும் நடுவில் இருந்த குழந்தையை மறிக்கத் தானாக நீண்டன. அந்தக் கையின் வேலையை ஒரு பையிடம் கொடுக்க முடியுமா என்று அவர் யோசித்தார். 1953 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் 1951-லேயே இதே மாதிரி விண்ணப்பித்திருந்தார்; அவருக்கும் 1953-ல் கிடைத்தது. ஜப்பானில் யாசுசாபுரோ கோபோரி அறுபதுகளில் தனியாக இதே பாதையில் நடந்தார். மூவருக்கும் பெரிய பணம் எதுவும் வரவில்லை. கார் கம்பெனிகள் ஹெட்ரிக்கின் யோசனையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டது.

கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வடிவங்களில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, அழுத்திவைத்த காற்று போதுமான வேகத்தில் பையை நிரப்பாது. இதற்குப் பதில் வேதியியலில் கிடைத்தது. 1968-ல் ஜான் பீட்ஸ் என்ற வேதியியலாளர் சோடியம் அசைடைக் கொண்டு ஒரு திட எரிபொருள் செய்தார். தீப்பொறி பட்டால் அது கண்ணிமைக்கும் முன் நைட்ரஜனாக மாறிப் பையை நிரப்பிவிடும். இன்று அசைடை ஒதுக்கிவிட்டு வேறு கலவைகளுக்குப் போய்விட்டார்கள். தத்துவம் அதேதான்: பை காற்றால் ஊதப்படுவதில்லை, சிறு வெடியால் நிரப்பப்படுகிறது.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. வெடியை எப்போது கொளுத்துவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 13.9 மீட்டர். அந்த வேகத்தில் கார் சுவரில் மோதி, முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிய ஆகும் நேரம் 86 மில்லி செகண்டு. சராசரி வேகத்தடை புவியீர்ப்பின் 16 மடங்கு, பொறியாளர் பேச்சில் 16 ஜி. கார் நிற்கத் தொடங்கிவிட்டது, உள்ளே இருப்பவர் இன்னும் நிற்கவில்லை. அவர் அதே 50-ல் ஸ்டியரிங்கை நோக்கிப் போகிறார். அவர் உடம்பு 5 அங்குலம் முன்னே வருவதற்குள் பை முழுதாக நிரம்பியிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. நம் கணக்கில் அந்த 5 அங்குலத்துக்கு ஆகும் நேரம் 40 மில்லி செகண்டு. பை நிரம்ப 30 வேண்டும். மிச்சம் 10. நூறில் ஒரு நொடிக்குள் இது மோதலா, எவ்வளவு பெரிய மோதல் என்று முடிவாகிவிட வேண்டும். நிஜ மோதல்களில் தொடக்கம் சற்று மென்மையாக இருக்கும், முதலில் பம்பரும் தகடும் மடங்கும். அதனால் 15, 20 வரை கிடைக்கும். அவ்வளவுதான். அந்த நேரத்தில் பானட் பாதிகூட மடங்கியிருக்காது. முழு மோதலையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி இந்தப் பெட்டிக்கு ஒருபோதும் கிடையாது. தொடக்கத்தைப் பார்த்து முடிவை ஊகிக்க வேண்டும்.

இதற்கு முதல் நடைமுறைப் பதிலைச் சொன்னவர் அமெரிக்காவின் ஆலன் பிரீட். 1960-களின் கடைசியில் அவர் செய்த சென்சாரில் எலெக்ட்ரானிக்ஸ் என்று எதுவுமே இல்லை. சிறு குழாய், அதற்குள் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் பொருந்தும் ஓர் உலோகக் குண்டு, குண்டைப் பின்னால் பிடித்துவைக்கும் காந்தம், குழாயின் மறுமுனையில் இரண்டு மின்தொடுகைகள். கார் சட்டென்று நின்றால் குண்டு காந்தத்தை உதறிக்கொண்டு முன்னே ஓடி இரண்டு தொடுகையையும் இணைக்கும். வெடிக்கு மின்சாரம் பாயும். இதில் புத்திசாலித்தனம் அந்த இறுக்கமான குழாயில்தான் இருக்கிறது. வாயை விரலால் பாதி அடைத்த சைக்கிள் பம்பைப் போல, உள்ளே இருக்கும் காற்று குண்டை வேகமாக ஓட விடாது. பள்ளத்தில் சக்கரம் விழுந்த அடி எவ்வளவு பலமாக இருந்தாலும், அது நீடிப்பதில்லை. குண்டு கொஞ்ச தூரம் போய்விட்டுக் காந்தத்திடமே திரும்பும். அடி நீடித்தால்தான் முனை வரை போகும். அதாவது ஓர் இரும்புக் குண்டு, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், வேகத்தடையைக் காலத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இந்தத் தொடரில் எழுதிய எல்லா இயந்திரங்களிலும் மிகப் பிடித்தது இதுதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1976 வரை ஏர்பேக் கார்களை விற்றுப் பார்த்தது. சுமார் 10,000 போயின, பிறகு கைவிட்டது. 1980 டிசம்பரில் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் கிளாஸில் மறுபடி தொடங்கியது. மூளைப்பெட்டி பாஷ் கம்பெனியுடையது. முன்பக்கமெல்லாம் குண்டுச் சென்சார்களைப் பரப்பாமல், பயணிகள் அறைக்குள் ஓரிடத்தில் இருந்துகொண்டு வேகத்தடையை மின்சமிக்ஞையாக அளந்து கணக்கிடும் வழி அது. விலைதான் இடித்தது. அதை உடைத்தது 1991-ல் அனலாக் டிவைசஸ் கம்பெனி அறிவித்த ஏடிஎக்ஸ்எல்50 என்ற சில்லு. சிலிக்கானிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு சீப்பைச் செதுக்கி, அது அசையும்போது பற்களுக்கிடையே மாறும் மின்தேக்கத்தை அளந்தார்கள். 50 ஜி வரை அளக்கும். குண்டு, குழாய், காந்தம் செய்த வேலை ஒரு சில்லுக்குள் வந்துவிட்டது. அதே தொழில்நுட்பத்தின் பேரப்பிள்ளைதான் இன்று உங்கள் போனைத் திருப்பினால் படமும் திரும்பக் காரணம்.

இன்றைய பெட்டி செய்வதைச் சுருக்கிச் சொன்னால் பிரீட்டின் குண்டு செய்த அதே கூட்டல்தான். ஜி.என்.டி. ரோட்டின் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி 20 ஜி அடி 3 மில்லி செகண்டு வந்தால், அதனால் இழந்த வேகம் மணிக்கு 2 கி.மீ. பெட்டி அசட்டை செய்யும். 16 ஜி 20 மில்லி செகண்டு நீடித்தால் இழந்தது 11 கி.மீ., இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்போது விழித்துக்கொள்ளும். ஆனால் ஒரு சாட்சி சொன்னதை மட்டும் நம்பாது. பெட்டிக்குள் இருக்கும் சில்லு ஒன்று, பம்பருக்குப் பின்னால் வைத்த முன் சென்சார் இன்னொன்று. தனித்தனியாக இரண்டு பேரும் மோதல் என்று சொன்னால்தான் வெடிக்கு மின்சாரம் போகும். கதவுப் பக்க மோதலில் நேரம் இன்னும் குறைவு, நசுங்குவதற்கு இடமே இல்லை. அதனால் கதவுக்குள் காற்றழுத்தச் சென்சார் வைக்கிறார்கள். கதவுத் தகடு உள்ளே அமுங்கிய கணமே உள்ளிருக்கும் காற்று அழுத்தம் ஏறுகிறது. உலோகம் அதிர்ந்து செய்தி வருவதற்கு முன் காற்று சொல்லிவிடுகிறது.

முடிவானதும் 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லி செகண்டு பாய்ந்தால் போதும், பையை நிரப்பும் இன்ஃப்ளேட்டருக்குள் இருக்கும் ஸ்குவிப் என்ற கொளுத்தி தீப்பற்றும். மோதலில் முதலில் அறுந்து போவது பேட்டரி கேபிளாகவே இருக்கலாம் என்பதால் பெட்டிக்குள் ஒரு கப்பாசிட்டர் எப்போதும் நிறைந்த நிலையில் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே தெரியும் மஞ்சள் கனெக்டர் இந்தக் கம்பிகளின் அடையாளம். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு தகடு இரண்டு முனையையும் தானே இணைத்துவிடும், எங்கிருந்தோ வரும் மின்சாரம் வெடியைக் கொளுத்தாமலிருக்க. சாவி போட்டதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதே, அப்போது பெட்டி ஒவ்வொரு ஸ்குவிப்பின் மின்தடையையும் அளந்துகொண்டிருக்கிறது. சுமார் 2 ஓம் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, ஒருமுறை வெடித்த பைக்குப் பதில் புதுப் பை போடாமல் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி விளக்கை அணைத்துவிடும் தந்திரம் உலகம் முழுக்க இருக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்கள் விளக்கு அணைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. விபத்து வரலாற்றையும் கேட்க வேண்டும்.

புழல் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பெட்டியின் கணக்கெல்லாம் காரின் அடிச்சட்டம் மோதலில் பங்கெடுக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. இருட்டில் ஓரமாக நிற்கும் டிரெய்லரின் பின்புறத்தில் மோதும் கார் என்ன ஆகிறது? டிரெய்லரின் தளம் காரின் பானட்டுக்கு மேலே இருக்கிறது. பம்பரும் அடிச்சட்டமும் அதற்கு அடியில் நழுவிப் போகின்றன, முதல் பலமான அடி கண்ணாடித் தூண்களில், தலைமட்டத்தில் விழுகிறது. முதல் 20 மில்லி செகண்டில் பெட்டிக்குக் கிடைப்பது மென்மையான, குழப்பமான சமிக்ஞை. பை தாமதமாக ஊதலாம், ஊதாமலும் இருக்கலாம். டிரெய்லர்களின் பின்னால் தாழ்வாக ஒரு குறுக்குக் கம்பி கட்டாயம் என்று இந்திய விதி சொல்வது காரின் அடிச்சட்டத்துக்கு மோத ஓரிடம் கொடுக்கத்தான். வளைந்தும் துருப்பிடித்தும் கயிற்றால் கட்டியும் தொங்கும் அந்தக் கம்பிகளைத் துறைமுகச் சாலைகளில் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

காரின் முன்னால் நாமே மாட்டும் கம்பியும் அதே தொல்லைதான். புல் பார் என்று ஆசையாகப் பொருத்தும் தடித்த குழாய், மோதலின் வேகத்தடையைக் கம்பெனி சோதித்த வடிவத்திலிருந்து மாற்றிவிடுகிறது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிகளுக்கு வரும் ஆபத்து ஒரு காரணம், இது இன்னொன்று.

டாட்சன் கோவுக்கு வந்த விமர்சனம் இங்கேதான் புரியும். அதன் உடற்கட்டு மோதலில் நொறுங்கிப்போனதால் ஏர்பேக் வைத்தாலும் பயனிருக்காது என்று குளோபல் என்கேப் சொன்னது. ஃபிகோவின் கட்டமைப்போ நிலைத்து நின்றது. அதற்கு இல்லாமல் போனது பையும் பெட்டியும்தான். அதே சோதனைத் தொடரில் ஃபோக்ஸ்வாகன் போலோவும் முதலில் பூஜ்யம். இரண்டு ஏர்பேக் வைத்து மோதவிட்டபோது 4. பூஜ்யங்கள் எல்லாம் ஒரே பூஜ்யம் அல்ல. செய்தித்தாள்கள் அன்று இந்த வித்தியாசத்தைப் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

பெட்டி தவறிய கதைகளும் உண்டு. 1990-களில் அமெரிக்க ஏர்பேக்குகள் பெல்ட் போடாத ஒரு சராசரி ஆணை மனதில் வைத்து வேகமாக ஊதும்படி செய்யப்பட்டன. சிறு மோதலில்கூட அதே பலத்தோடு வெடித்தன. 1990 முதல் 2008 வரை அப்படி பையே கொன்றவர்கள் 290 பேருக்கு மேல், பெரும்பாலும் 1998-க்கு முன் செய்த கார்களில். குழந்தைகளும் குள்ளமான பெண்களும் அதில் அதிகம். அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு இருக்கை எடைச் சென்சாரும் பெல்ட் பக்கிள் சென்சாரும் கண்ணாயின, இன்ஃப்ளேட்டர் இரண்டு படிகளானது. பெல்ட் போடாதவருக்குச் சுவர் மோதலில் மணிக்கு 16 முதல் 19 கி.மீ. வேகத்திலேயே பை ஊதும். போட்டவருக்கு சுமார் 26 வரை பொறுக்கும். முன் இருக்கையில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. மடியில் இருக்கும் குழந்தை பை வெடிக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

2014-ல் வெளியான ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரத்தில் பையும் சரி, சென்சாரும் சரி, பெட்டியும் சரி. கோளாறு சாவித்துவாரத்தில். சுவிட்ச் தளர்வாக இருந்ததால் ஓடும்போதே சாவி ஒரு படி பின்னால் நழுவி இன்ஜின் அணைந்தது, கூடவே பெட்டியும் அணைந்தது. கப்பாசிட்டர் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொண்டது. சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் 124. 2019 ஏப்ரலில் அமெரிக்க அரசின் விசாரணை விரிவானபோது இன்னொரு வகைக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது. மோதலில் அறுபடும் முன்பக்கச் சென்சார் கம்பிகள் வழியாக மின்னதிர்வு ஒன்று திரும்பி வந்து, டிஆர்டபிள்யூ என்ற கம்பெனி செய்த பெட்டிக்குள் இருக்கும் சில்லையே செயலிழக்கச் செய்யலாம் என்பது சந்தேகம். சாட்சி சொல்ல வந்தவனே நீதிபதியை அடித்துப்போட்ட கதை. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய், கியா உட்பட ஆறு கம்பெனிகளின் 1.23 கோடி வண்டிகள் அந்த விசாரணைக்குள் வந்தன.

இந்தியாவில் சட்டம் மெதுவாக வந்தது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். முன்பக்கப் பயணிக்கும் வேண்டும் என்ற அறிவிப்பு 2021 மார்ச்சில். புது மாடல்களுக்கு அந்த ஏப்ரல் முதல், ஏற்கெனவே விற்பவற்றுக்கு ஆண்டுக் கடைசி வரை தவணை. அதோடு எண்ணூர்க் கப்பலுக்குப் போகும் வண்டியிலும் அண்ணா சாலை ஷோரூமுக்குப் போகும் வண்டியிலும் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருப்பது உறுதியானது; பைகளின் எண்ணிக்கையில் மட்டும்தான் வித்தியாசம். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பெல்ட் போடாமல் பின் இருக்கையில் இருந்து இறந்த பிறகு ஆறு ஏர்பேக் பற்றிய பேச்சு சூடானது. 2023 அக்டோபர் என்று தேதியும் குறித்தார்கள். பிறகு கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் அதே மாதம் பாரத் என்கேப் என்ற இந்திய மோதல் சோதனைத் திட்டம் தொடங்கியது, நட்சத்திரம் பார்த்து வாங்குகிறவர் வாங்கட்டும் என்று. வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் ஆய்வகம் இன்று ஒரகடத்திலேயே, மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. 2014-ல் நம் கார்கள் மோதிப் பார்க்க ஜெர்மனி வரை போக வேண்டியிருந்தது.

பெட்டி சரியான நேரத்தில் சரியான தீர்ப்பைச் சொல்லியும், பையை நிரப்ப வேண்டிய இன்ஃப்ளேட்டரே சிதறி ஆளைக் கொன்ற கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மோனியம் நைட்ரேட், ஈரப்பதம், 2017-ல் திவாலான டகாட்டா கம்பெனி. நம்மூர் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் அதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. அது அடுத்த இதழில்.